இணை விக்கல்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் அறுவர்: தலைநகரிலிருந்து தேர்வுக் குழுவின் தலைவராக வந்திருந்த முனைவர் ஆளவந்தார், அவருக்கு வலப்புறம், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வெளி உறுப்பினராக அழைக்கப்பட்டிருந்த முனைவர் மெர்சி எஸ்தர், கணினியின் முன்னால் அமர்ந்து பெயர்களை வாசிக்க வேண்டிய அலுவலக எழுத்தர் காதர் மீரான், தேநீர் கொண்டுவந்தவரும் முடிவில் மணியடிக்கப் பணிக்கப்பட்டவருமான உணவகத்து இருளப்பன், மேசைக்கு இந்தப் பக்கம், கை நீட்டினாலும் எட்டாத இடைவெளி விட்டுப் போடப்பட்ட இரண்டு நாற்காலிகளில், ஒரே பதவிக்குப் போட்டியிட்ட முனைவர் வீரபத்திரனும் முனைவர் மங்கையர்க்கரசியும். ஏழாவதாக ஒருவரும் அங்கே இல்லை. பிற்பாடு தாமும் அங்கிருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் எல்லாரும் சன்னலுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றவர்கள். அவர்களுக்கு விக்கல் கேட்டிருக்கும், பேச்சுக் கேட்டிருக்காது.

ஆறு பேரும் விக்கலுக்காகக் காத்திருந்தார்கள்.

மணற்குடி உவர்நில ஆய்வு நிலையத்தில் வேலை செய்பவர் ஒருவர் எழுதிய கட்டுரையை உலகத்தின் எந்த மூலையிலேனும் எவரேனும் மேற்கோள் காட்டி, அந்த மேற்கோள் அச்சேறிய கணத்தில், கட்டுரையை எழுதியவருக்கு இங்கே விக்கல் எடுக்கும், மேற்கோள் காட்டியவரின் பெயரை உரக்கச் சொன்னால் நிற்கும், சொல்லாதவரை நிற்காது. இது எதனால் என்று கேட்டு நிலையத்தார் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உரிய தலைப்பின்கீழ் நிதி ஒதுக்கீடு இல்லாததால் காரணத்தை ஆராய இயலாது என்று பதில் வந்தது. அத்தோடு காரணத்தைப் பற்றிய பேச்சு முடிந்தது.

தொடங்கியது ஓர் ஆடி மாதத்து நண்பகலில். காற்று உப்புத் தூளை வாரிக் கொண்டுவந்து உணவகத்துத் தட்டுகளில் எல்லாம் படியவிட்டுக்கொண்டிருந்த வேளையில், சாம்பார் சாதத்தின் முதல் கவளத்தை வாயில் வைத்த வீரபத்திரனுக்கு விக்கல் எடுத்தது. இருளப்பன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவருடைய உச்சந்தலையில் தட்டினார்.

"யாரோ சாரை நெனைக்கிறாக. பேரச் சொல்லிப் பாருங்க, நின்னுரும்."

வீரபத்திரன் மனைவி பூரணத்தின் பெயரைச் சொன்னார், நிற்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகளின் பெயரைச் சொன்னார், நிற்கவில்லை. எல்லைக்கல் தகராறில் தம்மீது வன்மம் வைத்திருந்த பங்காளியின் பெயரையும், நினைக்க இயலாத இடத்துக்குப் போய்விட்ட தாயின் பெயரையும் சொன்னார், அதற்கும் நிற்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் உதவிக்கு வந்து சினிமா நடிகைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களும் யாரும் அவரை நினைத்திருக்கவில்லை. அப்போதுதான் காதர் மீரான் அலுவலகத்திலிருந்து ஒரு தாளோடு வந்தார். "சார், உருகுவே நாட்டுல மார்த்தா சில்வேரான்னு ஒரு அம்மா உங்க பழைய கட்டுரைய எடுத்துப் போட்டிருக்காக" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், அடுப்பை அணைத்தாற்போல விக்கல் நின்றது.

"அப்ப அந்தம்மாதான்" என்று சொல்லிவிட்டு இருளப்பன் கரண்டியை எடுக்கப் போனார்.

மணற்குடி இதற்குத் திகைக்கவில்லை. நினைத்தால் விக்கும் என்பது அந்த ஊருக்குத் தோன்றிய நாளிலிருந்து தெரியும். படித்தவர்களை நினைக்கிறவர்கள் அவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள் என்பது மட்டுமே புதுச் செய்தி. நிலையமும் திகைக்கவில்லை. எத்தனை கட்டுரை எழுதினீர்கள், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று ஆண்டுதோறும் தலைநகரிலிருந்து கேட்டெழுதுவார்கள். ஆளாளுக்கு ஓர் எண்ணை எழுதி அனுப்புவார்கள். அந்த எண்ணை முழுதும் நம்பினவரும் இல்லை, அதைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பதவி உயர்வாவது கொடுத்தவரும் இல்லை. இப்போது எண் தொண்டையிலிருந்தே வந்தது. எல்லார் காதிலும் விழுந்தது. மறைக்கவோ திரிக்கவோ வழியில்லாததாக இருந்தது. ஆகவே இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார்; வருகைப் பதிவுக்கு அருகில் விக்கலுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது; வராந்தாக்களில் இருந்த தண்ணீர்ப் பானைகள், தண்ணீர் குடித்தால் விக்கல் அடங்கிவிடுமோ என்ற ஐயத்தால் அகற்றப்பட்டன; அலுவல் நேரத்தில் சர்க்கரையை விழுங்குவதும் மூச்சை அடக்குவதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவை ஆயின; அவலும் வேர்க்கடலையும் காய்ந்த சப்பாத்தியும், அவற்றால் வருவது போலி விக்கல் என்று, உணவகத்திலிருந்து விலக்கப்பட்டன.

ஊரும் தன் பங்குக்குத் தன்னைத் திருத்திக்கொண்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்த கையோடு "விக்கல் எப்படி?" என்றும் விசாரித்தார்கள். பேருந்தில் விக்கிக்கொண்டு ஏறும் அறிவியலருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். தம் கட்டுரைகளில் தம்மையே மேற்கோள் காட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை, "தன்னைத் தானே நெனைச்சா விக்குமாக்கும்?" என்று அவர்கள் வீட்டுப் பெண்களே சிரித்தார்கள். இளம் உதவி அறிவியலர் இருவர் ஒருவர் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டுவதென்று உடன்பாடு செய்துகொண்டு, ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப்போல விக்கினார்கள். நெஞ்சுக்கூடு நோகத் தொடங்கியதும் ஒருவர் அழுதுகொண்டே உடன்பாட்டை முறித்தார். நாற்பது பேர் கூடி எழுதிய கட்டுரைக்கு மேற்கோள் வந்தால் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு செருமல் வந்தது. செருமலைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்பது பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.

எல்லாருக்கும் மேலாக விக்கியவர் வீரபத்திரன். நெடிய மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை தவிர வேறு அணியாதவர், மாணவர்களைத் திட்டும்போதும் 'நீங்கள்' என்றே திட்டுகிறவர். அவர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதற்குள் விக்குவார்; கையெழுத்துப் போடும்போது விக்குவார், எழுத்து ஓரிடத்தில் துள்ளி நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவர் எதிரே வரும்போது ஒதுங்கி நின்று, பெரிய கோயில் மணியைக் கேட்பவர்களைப்போல அந்த ஓசையைக் கேட்டார்கள்.

அத்தனை விக்கலும் ஒரே ஒரு கட்டுரைக்கானவை என்பது எல்லாருக்கும் தெரியும். என்ன காரணத்தால் என்பது இருவருக்கு மட்டுமே தெரியும்.

வேலைக்கு வந்த புதிதில் அவர் எழுதிய கட்டுரை அது. உவர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, மழைநீரை ஒரு போகம் தேக்கி வடித்துவிட்டால் உப்பு ஒழிந்துவிடும் என்பது அதன் சாரம். மார்கழியில் மண்ணெடுத்துச் சோதித்தார், உப்பு இல்லை, தை பிறந்ததும் எழுதி அனுப்பிவிட்டார். சித்திரை வரை அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால், உப்பு எங்கும் போய்விடவில்லை, ஆளின் இடுப்பளவு ஆழத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அந்த ஈரத்தோடு தானும் ஏறி வந்து முன்னைக் காட்டிலும் வெளுப்பாக மேலே பூக்கிறது என்பதைக் கண்டிருப்பார். அதைக் கண்டவர், பல ஆண்டுகள் கழித்து நிலையத்தில் சேர்ந்த மங்கையர்க்கரசி. ஊர்க்காரர்கள் நடமாட அஞ்சும் கத்திரி வெயிலில் குடைகூட இல்லாமல் பாத்தி பாத்தியாகக் குழி தோண்டி மண்ணெடுத்து, ஐந்து கோடைகள் அப்படி எடுத்து, அவர் அதை எழுதினார். எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன்பு வீரபத்திரனின் மேசையில் கொண்டுவந்து வைத்தார். வீரபத்திரன் ஒரே மூச்சில் படித்தார்; இரண்டு இடங்களில் கால்புள்ளி திருத்தினார்; "அனுப்புங்கள்" என்றார். அதன்பின் அந்தப் பேச்சு இருவருக்கும் இடையில் எழவில்லை.

தவறான கட்டுரையை உலகம் மறந்துவிடும் என்று அவர் எண்ணினார். உலகம் மறக்கவில்லை. அவசரப்பட்டு மண்ணெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டிய ஒவ்வொருவரும், எந்த நாட்டவராயினும், அவரிடமே வந்தார்கள். தம்மை மேற்கோள் காட்டிய கட்டுரையைத் தேடி எடுத்து, அந்த ஒற்றை வாக்கியத்தை வாசிக்கும் வழக்கம் நிலையத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் இருந்தது, மற்றவர்கள் எண்ணினார்கள். எண்ணியவர்கள் வந்து கைகுலுக்கினார்கள், மாலை போட்டார்கள். அவர் அந்த வாழ்த்துகளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுப்பதற்குத் தொண்டை ஒழியவில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அது உண்மை அன்று என்பதும் அவருக்குத் தெரியும்.

மங்கையர்க்கரசிக்கு விக்கல் அரிது. வந்தால் தனியாக வராது. அவர் ஆய்வுக்கூடத்தில் விக்கும் அதே கணத்தில், முற்றத்துக்கு அப்பால், வீரபத்திரனும் விக்குவார். 'இன்னார் இப்படிச் சொன்னார், அது தவறென்று இவர் காட்டினார்' என்று ஒருவர் ஒரே வாக்கியத்தில் எழுதினால் இரண்டு தொண்டைகளும் ஒன்றாகத்தானே துள்ளும்? அந்த நேரங்களில் இருவரும் தத்தம் இடத்தில் சற்றே அசையாமல் இருப்பார்கள். எங்கோ ஓர் அந்நியர் தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது இருவருக்கும் எழுத்துப் பிசகாமல் தெரியும்; வேறு யாருக்கும் தெரியாது. அது நட்பும் அல்ல, பகையும் அல்ல. அதற்குப் பெயர் வைக்க இருவரும் முயன்றதில்லை.

ஊர் முயன்றது. தேர்த் திருவிழாவில், வடத்துக்கு இந்தப் பக்கம் வீரபத்திரனும் அந்தப் பக்கம் மங்கையர்க்கரசியுமாக, கூட்டம் மூச்சுப் பிடித்திருந்த ஒரு நொடியில் இருவரும் சேர்ந்து விக்கியது பலர் கண்ணில் பட்டது. அன்று பூரணம் கணவருக்கு இலை போட்டுவிட்டுச் சோறு போடாமல் நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்கும் ஒங்களுக்கும் ஒரே நேரத்துல விக்குதாமே. கோயில்ல பேசிக்கிடுறாக."

"ஆமாம். விக்குகிறது."

"ரெண்டு பேரையும் சேத்து வச்சு நெனைக்கிறது யாரு?"

"இன்றைக்கு ஒரு சீனாக்காரர்."

"சீனாக்காரனுக்கு நம்ம ஊரு வம்புல என்ன சோலி?" என்றாள் பூரணம். பிறகு, சோற்றைப் போட்டபடி, "என்னதான் சொல்றான்?" என்று கேட்டாள்.

"நான் சொன்னது தப்பு, அவர் சொன்னது சரி என்கிறார்."

"இம்புட்டுத்தானா?" என்றாள். "அதத்தான் நானும் முப்பது வருசமாச் சொல்றேன். எனக்கு ஒரு விக்கலும் விக்கலையே நீங்க." ஆனாலும் மறுநாள் கோயிலில் கேட்டவர்களிடம், தன் கணவரைச் சீனா வரைக்கும் பேசுகிறார்கள் என்று மட்டும் சொன்னாள், என்ன பேசுகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. நிலையத்தில் முதன்மை அறிவியலர் பதவி ஒன்று காலியாகியிருந்தது. அதில் அமர்ந்தவர்களின் பெயரை நுழைவாயில் கல்லில் வெட்டுவார்கள். வீரபத்திரனுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கல்லில் அவர் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். அவரும் அதை விரும்பவில்லை என்று சொல்வதற்கில்லை.

மங்கையர்க்கரசிக்கு அந்தப் பதவி கல்லில் பெயர் வெட்டும் காரியம் அல்ல. குறித்த காலத்துக்குள் பதவி உயர்வு பெறாதவர்களை ஆய்விலிருந்து விலக்கி மேற்கே விதைக் கிடங்குக்கு அனுப்புவது விதி. அவருக்கு அந்தக் காலம் வரும் பங்குனியோடு முடிகிறது. அவர் போய்விட்டால் பாத்திகளைப் பார்க்க ஆளில்லை; ஆளில்லாத பாத்திகளை உழுது போட்டுவிடுவார்கள்; ஒவ்வொரு கோடையிலும் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்பதை அறிந்திருக்கும் ஒரே நிலத்துண்டு வெறும் மண்ணாகிவிடும்.

தேர்வுக்கு முன்பாக வந்த சுற்றறிக்கைதான் அவரைக் கவிழ்த்தது. இளையவர் ஒருவரும் மூத்தவர் ஒருவரும் ஒரே கணத்தில் விக்கினால் அதற்கு 'இணை விக்கல்' என்று பெயர். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்ற ஆன்றோர் வாக்கின்படி, மூத்தவரை நினைக்கும்போது இளையவரும் உடன் நினைக்கப்பட்டதாகவே அதைக் கொள்ள வேண்டும். ஆதலால் இணை விக்கல் முழுவதும் மூத்தவர் கணக்கில் சேரும், இளையவர் கணக்கிலிருந்து கழியும். இப்படி எழுதியவர்கள் அறிவிலிகள் அல்லர், அறிவியலர்கள், அவர்கள் நெடுநாள் தரவு திரட்டி, இணை விக்கல்கள் அனைத்திலும் வீரபத்திரன் இருப்பதைக் கண்டு, முறைப்படி அந்த முடிவுக்கு வந்திருந்தார்கள்.

சுற்றறிக்கை வந்த நாளின் பிற்பகலில் மங்கையர்க்கரசி முற்றத்தைக் கடந்து வீரபத்திரனின் அறைக்கு வந்தார். முழங்கை வரை மண் காய்ந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"படிச்சீங்களா சார்?"

"படித்தேன்."

"நீங்க பூவாம். நான் நாராம்."

"மேல்முறையீடு செய்யலாமே?"

"செஞ்சேன். மேல்முறையீட்டை இதுவரைக்கும் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

வீரபத்திரனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? என் கட்டுரை தவறு என்று எழுதித் தர வேண்டுமா?"

"அதை நான் எழுதியாச்சு சார்" என்றார் மங்கையர்க்கரசி. "நீங்க கால்புள்ளி போட்டுக் குடுத்தீங்க." கதவு வரை போனவர் திரும்பினார். "கெஞ்ச வந்தேன்னு நெனச்சிராதீங்க. இந்த ஊர்ல இதைப் படிச்சவங்க ரெண்டே பேரு. இன்னொருத்தர்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?"

அவர் போனார். வீரபத்திரன் இரக்க மனம் படைத்தவர் என்று ஊரில் எவரும் சொன்னதில்லை. அன்றும் அவருக்கு இரக்கம் எழவில்லை. அவரைத் தைத்தது வேறொன்று. உருகுவேக்காரி அவரைப் படித்திருந்தாள். சீனாக்காரர் படித்திருந்தார். தவறென்று சொல்வதற்காகவேனும் ஒவ்வொரு வரியையும் படித்திருந்தார்கள். அவருக்கு மாலை போட்டவர்களில் ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை.

தேர்வு நாளின் விதி எளியது: போட்டியாளர்கள் குழுவின் முன்னால் ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்திருக்க வேண்டும், வரும் விக்கலைக் குழு காதால் கேட்கும், காதர் மீரான் பெயரைச் சொல்லி நிறுத்துவார், அதுவரை சேர்ந்த கணக்கோடு அது சேரும். இருளப்பன் மணியடித்ததும் முடிவு. பூரணம் அன்று காலை விளக்கேற்றிவிட்டு, கணவரின் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிவிட்டு, "பேசாம இருந்துட்டு வாங்க. விக்கறத மட்டும் விக்குங்க" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

முதலில் வீரபத்திரனுக்கு வந்தது. காதர் மீரான் ஒரு டச்சுக்காரரின் பெயரைச் சொன்னார், நின்றது. ஆளவந்தார் திருப்தியோடு தலையசைத்தார். மறுபடியும் வந்தது, எகிப்தியர் ஒருவர். மறுபடியும், அர்ஜென்டினாவில் இருவர், சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மங்கையர்க்கரசி மடியில் கைகளை வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஓசையில்லாமல் அமர்ந்திருந்தார். இருளப்பன் அவர் பக்கம் தேநீரை நகர்த்தி வைத்து, "சூடாக் குடிங்கம்மா, தொண்ட தெறக்கும்" என்றார்.

"தூண்டக் கூடாது" என்றார் ஆளவந்தார்.

"டீதானே சார்."

"டீயும் தூண்டல்தான்."

அந்நேரம் இரண்டு நாற்காலிகளிலிருந்தும் ஒரே ஓசை எழுந்தது. ஒரு தொண்டை கட்டை, ஒன்று மெல்லியது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஊசி நுழைய இடமில்லை. புங்க மரத்தடியில் யாரோ "சோடி விழுந்துருச்சு" என்றார்கள்.

"இணை விக்கல்" என்றார் ஆளவந்தார். "மூத்தவர் கணக்கு. பேரைச் சொல்லுங்க மீரான்."

"சொல்ல வேண்டாம்" என்றார் வீரபத்திரன், விக்கிக்கொண்டே. "முதலில் அந்த வாக்கியத்தை வாசியுங்கள்."

காதர் மீரான் தலைவரைப் பார்த்தார். மெர்சி எஸ்தர், "வாசிக்கட்டுமே, கேட்போம்" என்றார். அவர் வந்ததிலிருந்து பேசிய முதல் வார்த்தை அது. காதர் மீரான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு முறை வாசித்து, பிறகு, அறையில் எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று, தமிழில் சொன்னார்: "வீரபத்திரன் சொன்னதை நம்பி நாங்கள் உப்பு நிலத்தில் பயிர் வைத்தோம், கோடையில் எல்லாம் கருகியது. உப்பு ஒழிவதில்லை, திரும்பி ஏறும் என்று மங்கையர்க்கரசி முன்னமே காட்டியிருந்தார். அவரைப் பின்பற்றிய வயல்கள் பிழைத்தன."

அறையில் இரண்டு விக்கல்களும் மாறி மாறி அல்ல, சேர்ந்தே, ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தன.

"நல்ல வாக்கியம்" என்றார் ஆளவந்தார். "பேர் ரெண்டு இருக்கு. முதல் பேர் உங்களோடது. ஆக, விதி சரியாத்தான் போட்டிருக்காங்க."

"அது நான் தவறு என்று சொல்கிறது."

"தப்போ சரியோ, சார், நெனச்சாங்களா இல்லையா?"

"நகையத் தொலைச்சவங்க திருடனையும்தான் நெனப்பாங்க" என்றார் மெர்சி எஸ்தர், தாள்களை அடுக்கிக்கொண்டே.

ஆளவந்தார் சிரித்தார், அவர் கெட்ட மனிதர் அல்லர். "அம்மா, எண்ணறதுக்குத்தான் நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. வாசிக்கறதுக்கு இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்ல. வாசிக்க ஆரம்பிச்சா இன்னிக்குள்ள முடியுமா? எனக்குச் சாயங்காலம் ரயில். மீரான், பேரு."

காதர் மீரான் பெயரைச் சொன்னார். அது ஒரு கென்யாக்காரரின் பெயர். அவர் தம்மால் இயன்றவரை அதை மரியாதையோடு உச்சரித்தார். இரண்டு தொண்டைகளும் அடங்கின. ஆளவந்தார் வீரபத்திரனின் பக்கம் கை நீட்டி, மணியடிக்க இன்னும் சற்று நேரம் இருந்தாலும் வாழ்த்திவிடுவதில் தவறில்லை என்றும், இவ்வளவு தொண்டையைத் தாம் எந்த ஊரிலும் கேட்டதில்லை என்றும் சொன்னார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

வீரபத்திரன் மங்கையர்க்கரசியைப் பார்த்தார். அவர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்காக ஒண்ணும் செய்ய வேண்டாம் சார்" என்றார், திரும்பாமலே. "பிச்சையா வந்தா அந்தப் பாத்தில என்னால நிக்க முடியாது."

"உங்களுக்காக என்று யார் சொன்னார்கள்?" என்றார் வீரபத்திரன். குரலில் அன்பு ஏதுமில்லை. "படித்துவிட்டு என்னை இகழ்கிறவன் எனக்குச் சமமானவன். படிக்காமல் புகழ்கிறவனுக்கு முன்னால் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது?"

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"உக்காருங்க சார்" என்றார் ஆளவந்தார், முதல் முறையாகக் கவலையோடு. "மணியடிக்கறதுக்கு முன்னாடி அறையை விட்டுப் போனா போட்டியில இல்லைன்னு ஆயிடும். இணை விக்கல் எல்லாம் இளையவங்களுக்கே திரும்பிடும். பதவி அவங்களுக்குத்தான் போகும். விதி அப்படி."

"விதியா?" என்று இருளப்பன் மணியையும் கம்பியையும் பிடித்தபடி கேட்டார். "அடிச்சிரவா சார்? அடிச்சிட்டா முடிஞ்சிருமே."

"நேரம் ஆகலை. வை."

மெர்சி எஸ்தர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மங்கையர்க்கரசி அப்போதுதான் திரும்பினார். நன்றி சொல்லவில்லை, தம் எதிரே விரிந்த கட்டுரையில் ஒரு வரியைச் சரிபார்ப்பவரைப்போல அவரை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். வீரபத்திரன் சட்டையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். நுழைவாயில் கல்லையும், விளக்கேற்றிவிட்டு வீட்டில் காத்திருப்பவளையும், அவளிடம் இன்று சொல்ல வேண்டியதையும் நினைத்தார். அது எளிதாக இராது. பிறகு நடந்தார்.

அவர் வாசற்படியில் கால் வைத்தபோது மறுபடியும் விக்கல் எடுத்தது, நெஞ்சை உலுக்கும்படியாக, தனியாக. காதர் மீரான் கணினியைப் பார்த்து, பெயரைச் சொல்ல வாயெடுத்தார். வீரபத்திரன் அதற்காக நிற்கவில்லை. பெயர் சொல்லப்படாத விக்கலோடு, புங்க மரத்தடியில் விலகி வழிவிட்டவர்களைக் கடந்து, வெளியே போனார்.